ஒரு வேலைக்கு ஓரிடம்

எங்கள் பக்கத்துக் கிட்டார்காரர்களில் ஆம்ப் வைத்திருப்பவர் குறைவு. பிராசசர் இல்லாதவர் அதைவிடக் குறைவு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே மலையடிவாரத்தில் இருக்கும் மம்சாபுரம் மாதிரி ஊர்களில், மேடை இசை என்பது பெரும்பாலும் அம்மன் கோயில் பொங்கல், கல்யாண வரவேற்பு, தேவாலய ஆராதனை ஆகியவற்றைச் சுற்றியே நடக்கிறது. மேடைக்கு மைக்செட்காரர் கொண்டுவருவது மிக்சரும் பாக்ஸும் மட்டும். கிட்டார்காரர் தன்னுடைய ஆம்ப், ஸ்பீக்கர், எக்கோ, டிஸ்டார்ஷன் எல்லாவற்றையும் பிராசசர் என்ற ஒரே பெட்டிக்குள் அடக்கிப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் வந்து இறங்க வேண்டும். அதே கலைஞர்கள் இப்போது வீட்டு அறையில் லேப்டாப் வைத்து ரிக்கார்டிங் செய்யத் தொடங்கிவிட்டதால், ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற இரண்டாவது பெட்டியும் வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டும் நல்ல பெட்டிகள்தான். தனித்தனியே கேட்டால் குறை தெரியாது. சேர்த்துச் செருகியதும் ஒலி மெலிந்தோ, கரகரத்தோ, இரைந்தோ வருகிறது. உடனே பழி விலைமேல் விழுகிறது: இன்னும் கொஞ்சம் பணம் போட்டு வாங்கியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று. நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு வேறு. குறை இணைப்பில் இருக்கிறது, அதிலும் பெரும்பாலும் ஒரே வகைக் குறை. ஒரு முறை நடக்க வேண்டிய வேலை இரண்டு இடத்தில் நடந்துவிடுகிறது. அல்லது அந்தப் பெட்டி செய்துகொள்ளும் என்று இந்தப் பெட்டியும், இந்தப் பெட்டி செய்துகொள்ளும் என்று அந்தப் பெட்டியும் விட்டுவிடுகின்றன.

இது ஏன் நேர்கிறது என்பதற்குக் கருவிகள் வளர்ந்த விதத்திலேயே விடை இருக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலி முதலில் ஆம்பிலிருந்து மைக் வழியாகத்தான் டேப்புக்குப் போனது. ஆம்ப் இல்லாமல் நேரே பதிவு செய்யலாம் என்ற வசதியைப் பரவலாக்கியவை சிறு பெட்டிகள். பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் 1982-இல் ராக்மேன் என்ற கையடக்கப் பெட்டியைக் கொண்டுவந்தார். 1989-இல் சான்ஸ்ஆம்ப் வந்தது. 1998-இல் லைன் சிக்ஸ் நிறுவனத்தின் பாட் வந்தபின், ஆம்பின் குணத்தை டிஜிட்டல் கணக்காகப் போலி செய்வது எல்லோருக்கும் எட்டியது. இன்று கடையில் கிடைக்கும் சாதாரண பிராசசருக்குள்ளும் கிட்டாரை ஏற்கும் முன்பகுதி, அனலாக்கை டிஜிட்டலாக மாற்றும் பகுதி, ஆம்ப் மாடல், கேபினெட் மாடல், ரிவர்ப், திரும்ப அனலாக்காக மாற்றும் பகுதி என்று எல்லாம் உண்டு. மறுபக்கம், இன்டர்ஃபேஸும் அதோடு வரும் மென்பொருளும் வெறும் கிட்டாரை நேரே செருகினால் அதே வேலைகள் அனைத்தையும் தாமே செய்யும்படி உருவாக்கப்பட்டவை. ஆக, இங்கே ஒன்றோடொன்று இணைக்கப்படுபவை இரண்டு முழுப் பட்டறைகள். வீட்டில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் உப்புப் போட்ட குழம்பின் கதை இது. உப்பிலும் குற்றமில்லை, போட்ட கையிலும் குற்றமில்லை. யார் போடுவது என்று பேசிக்கொள்ளாததுதான் குற்றம்.

முதலில், கிட்டாரை ஏற்கும் வேலை. கிட்டார் பிக்கப் என்பது காந்தத்தின்மேல் ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய கம்பி. அதன் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) அதிர்வெண் ஏற ஏறக் கூடும். வழக்கமான ஒரு சிங்கிள் காயில் பிக்கப்பை 6 கிலோ ஓம் தடையும் சுமார் 2.4 ஹென்றி இண்டக்டன்ஸும் கொண்டதாக வைத்துக்கொண்டு, அதை 10 கிலோ ஓம் மறுப்புள்ள லைன் இன்புட்டில் நேரே செருகினால் என்ன ஆகும் என்று தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 ஹெர்ட்ஸில் பிக்கப் தரும் வோல்டேஜில் சுமார் 62 சதவீதம் உள்ளே போகும். 3000 ஹெர்ட்ஸில் 21 சதவீதம்தான் போகும். அதாவது கீழ்ஸ்தாயியை ஒப்பிட மேல் பகுதி சுமார் 9 டெசிபல் கூடுதலாக அடிபடுகிறது. கிட்டாரின் மினுமினுப்பு குடியிருப்பதே அந்த மேல் பகுதியில்தான். இதனால்தான் பிராசசரின் இன்புட்டும், இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்’ என்று எழுதிய ஸ்விட்சும் 1 மெகா ஓம் அளவில் வைக்கப்படுகின்றன. அங்கே பிக்கப்புக்குச் சுமையே தெரியாது. பிராசசர் இதை ஒரு முறை செய்து முடித்துவிட்டது. அதன் வெளிவாசலில் பொதுவாக ஓரிரு கிலோ ஓம் மறுப்புதான் இருக்கும். அங்கிருந்து 10 கிலோ ஓம் லைன் இன்புட்டுக்குப் போனால் இழப்பு ஒரு டெசிபல் அளவுதான், அதுவும் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே சீராக. ஆகவே பிராசசருக்குப் பிறகு இன்ஸ்ட் ஸ்விட்சுக்கு வேலை இல்லை. கேபிளின் மறுமுனையில் கிட்டார் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு அதை அழுத்துபவர்கள்தான் அதிகம். இன்டர்ஃபேஸுக்குத் தெரிவதோ பிராசசர் மட்டும்தான்.

இதற்கு ஓர் எதிர்ப்பு உடனே வரும்: இன்ஸ்டில் வைத்தாலும் சத்தம் வருகிறதே, நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். மறுப்பைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. 1 மெகா ஓமில் பிராசசரைச் செருகினால் ஒலியின் நிறம் கெடாது. கெடுவது லெவல். வீட்டுக் கருவிகளின் லைன் லெவல் சுமார் 0.3 வோல்ட், ஸ்டுடியோக் கருவிகளின் லைன் லெவல் 1.23 வோல்ட், இரண்டுக்கும் இடையே சுமார் 12 டெசிபல் வித்தியாசம். வெறும் பிக்கப்பின் சிக்னலோ சில பத்து மில்லிவோல்ட்டிலிருந்து, ஓங்கி அடித்தால் ஒரு வோல்ட் வரை ஏறி இறங்கும். இன்ஸ்ட் இன்புட் அந்த மெல்லிய சிக்னலை எதிர்பார்த்துக் கூடுதல் கெயினோடு காத்திருக்கிறது. பிராசசரின் மாஸ்டர் வால்யூம் பாதிக்கு மேல் போனால் இன்டர்ஃபேஸின் கெயின் குமிழைச் சுழியத்தில் வைத்தாலும் சிவப்பு விளக்கு எரியக்கூடும். கெயினை ஏற்றும் வேலை இரண்டு இடத்தில் நடப்பதன் விளைவு இது. லைனில் வைத்தால் தாங்கும் இடம் அதிகம். பிராசசரின் மாஸ்டரை முக்கால் பங்கில் நிறுத்திவிட்டு இன்டர்ஃபேஸின் கெயினைக் குறைந்தபட்சத்திலிருந்து மெதுவாக ஏற்றினால், மீட்டரின் உச்சம் மைனஸ் 12-இலிருந்து மைனஸ் 6 டெசிபலுக்குள் வந்து நிற்கும். இந்த அளவை எந்தப் பேட்ச் (சேமித்து வைத்த டோன் அமைப்பு) வைத்துப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். டிஸ்டார்ஷன் காதுக்குப் பெரிதாகக் கேட்டாலும் அதன் உச்சங்கள் ஏற்கெனவே நசுங்கியவை. மீட்டரில் அது ஒரே மட்டத்தில் நிற்கும். கிளீன் டோனில் பிக் படும் கணம்தான் ஊசிபோல எகிறும். கிளீன் பேட்ச்சில் பாட்டிலேயே பலமாக அடிக்கும் இடத்தை வாசித்து லெவல் வைத்தால் மற்றவை தாமாக அடங்கும்.

சிவப்பைத் தொடும் அளவுக்கு ஏற்றிப் பதிந்தால்தான் ஒலி கெட்டியாக வரும் என்று இன்னும் சொல்பவர்கள் உண்டு. அது டேப்பும் 16 பிட் கருவிகளும் இருந்த காலத்து அறிவுரை. அந்தக் காலத்துக்கு அது பொருந்தியது. ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல் என்று கணக்கு. 16 பிட்டில் 96 டெசிபல்தான் மொத்த இடம், ஆகவே கீழே இருக்கும் இரைச்சலிலிருந்து தள்ளி நிற்க மேலே ஏற வேண்டியிருந்தது. இன்றைய இன்டர்ஃபேஸ் 24 பிட். கணக்குப்படி 144 டெசிபல், நடைமுறையில் 110 சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும். உச்சத்தை மைனஸ் 12-இல் வைத்தால் இழப்பது இரண்டு பிட் மட்டுமே. வீட்டு அறையில் பிக்கப் பிடித்துவரும் இரைச்சலே அதற்கு வெகு மேலே இருக்கிறது. இதைவிட நுட்பமான எதிர்ப்பு ஒன்றும் உண்டு. 1968-இல் பீட்டில்ஸ் குழு ‘ரெவல்யூஷன்’ பாட்டுக்குக் கிட்டாரை ஆம்ப் இல்லாமல் நேரே ஸ்டுடியோ கன்சோலில் செருகி, வேண்டுமென்றே ப்ரீஆம்பைத் திணறவைத்து அந்தக் கிழிபடும் ஒலியை எடுத்தது. விதியை மீறித்தானே அந்த ஒலி வந்தது என்று கேட்கலாம். அங்கே திணறியவை வால்வுகள். அளவு மீறும்போது வால்வு படிப்படியாக வளைந்து, காதுக்கு இசைவான மேல்சுரங்களைச் சேர்க்கும். டிஜிட்டல் மாற்றியோ அளவு மீறிய கணத்தில் அலையின் தலையை நேர்கோடாக வெட்டிவிடும். அதிலிருந்து வருவதில் கிட்டாரின் சுருதியோடு உறவில்லாத குப்பையும் சேர்ந்திருக்கும். இன்னொன்று, பீட்டில்ஸுக்கு அந்தக் கன்சோல்தான் டிஸ்டார்ஷன் பெடல். ஒலியைக் கிழிக்கும் வேலையை அவர்களும் ஓரிடத்தில்தான் வைத்தார்கள்.

லெவலைவிட அதிகமான டோன்களைக் கெடுப்பது கேபினெட் விவகாரம். கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாக விழுந்துவிடும். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் மேல் இரைச்சலை இயற்கையாக வடிகட்டுவது அந்த ஸ்பீக்கர்தான். ஸ்பீக்கர் இல்லாமல் நேரே பதிவு செய்யும்போது அந்த வடிகட்டலை யாராவது செய்தாக வேண்டும். பிராசசரின் கேபினெட் மாடலோ, ஒரு கேபினெட்டின் குணத்தைப் பதிந்துவைத்து, கணினியில் போடும் ஐஆர் கோப்போ, இரண்டில் ஒன்று. இரண்டும் போட்டால் மேல் பகுதி இருமுறை வெட்டுப்பட்டு டோன் மழுங்கிப்போகும். ஒன்றும் போடாவிட்டால் காதைக் கீறும் உலர்ந்த இரைச்சல். எங்கள் பக்கத்தில் அதிகம் நடப்பது இரண்டாவது. அதற்கு மேடைதான் காரணம். பாஸ் நிறுவனத்தின் ஜிடி வரிசைப் பிராசசர்களில் வெளிவாசல் எதற்குப் போகிறது என்று கேட்கும் ஓர் அமைப்பு உண்டு: ஜேசி-120, காம்போ ஆம்ப், ஸ்டாக், லைன் அல்லது ஹெட்ஃபோன் என்று. ஜேசி-120 என்பது 1975-இலிருந்து வரும் ரோலண்ட் ஆம்ப். அதைத் தேர்ந்தெடுத்தால், ஸ்பீக்கர் அந்த ஆம்பிலேயே இருக்கிறது என்று கருதிப் பிராசசர் தன் கேபினெட் வேலையை நிறுத்திவிடும். பெரிய மேடைகளில் ஆம்ப் கிடைத்த நாளில் வைத்த அந்த அமைப்பு அப்படியே இருக்க, வீட்டில் இன்டர்ஃபேஸில் செருகினால் ஸ்பீக்கரே இல்லாத டிஸ்டார்ஷன் பதிவாகிறது. பிறகு ஈக்யூவில் மேல் பகுதியைக் குறைத்துக் குறைத்துப் பார்ப்பார்கள்; இரைச்சல் போகும்போது கிட்டாரும் கூடவே போய்விடும். மெனுவில் ஒரு வரியை ‘லைன்’ என்று மாற்றுவதுதான் மருந்து. வேலை ஓரிடத்தில்தான் நடக்கிறதா என்ற இதே சோதனையை, இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேட்டுக்கும் ரிவர்புக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். பிராசசரிலும் மென்பொருளிலும் கேட் போட்டால் நீண்ட இழைவுகளின் வால் துண்டுபட்டுப் போகும். மெல்லிசையிலும் சரி, மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின்மாண்டலினில் வாசித்த கர்நாடக சங்கீதத்திலும் சரி, கமகம் தேய்ந்து முடியும் அந்த வாலில்தான் ராகத்தின் முகம் தெரியும்.

கேபிளிலும் இந்த இரட்டிப்பு ஒளிந்திருக்கிறது. பிராசசரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து, மூன்று பட்டை ஜாக் கொண்ட ஸ்டீரியோ கேபிளால் இன்டர்ஃபேஸின் ஒற்றை இன்புட்டில் இணைப்பவர்கள் பலர். கேபிள் இரண்டு முனையிலும் கச்சிதமாகப் பொருந்துவதால் சந்தேகம் வராது. ஹெட்ஃபோன் துளை தருவது இடது, வலது என்று இரண்டு சிக்னல். இன்டர்ஃபேஸின் பேலன்ஸ்டு இன்புட்டோ அந்த இரண்டு பட்டைகளையும் ஒரே சிக்னலின் நேரும் எதிருமாக எண்ணி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து வாங்கும். இடதிலும் வலதிலும் சமமாக இருக்கும் கிட்டார் கழிந்து மறைந்துவிடும். இரண்டிலும் மாறுபடும் ரிவர்ப் மட்டும் மிஞ்சும். கேட்பவர், கிட்டார் கிணற்றுக்குள் போய்விட்டது என்று பிராசசரைச் சர்வீசுக்கு அனுப்புகிறார். மோனோவாகப் பதிய ‘எல்/மோனோ’ என்று எழுதிய துளையிலிருந்து சாதாரண கிட்டார் கேபிள் ஒன்று போதும். ஸ்டீரியோ டிலே, கோரஸ் வேண்டும் என்றால் இரண்டு துளையிலிருந்தும் இரண்டு கேபிள்கள் இன்டர்ஃபேஸின் இரண்டு இன்புட்டுக்கும் போக வேண்டும். இரண்டு கெயின் குமிழும் ஒரே அளவில் நிற்க வேண்டும். ரிதம் கிட்டாரை ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே வாசித்து அகலப்படுத்தப் போகிறவருக்கு மோனோவே மேல்.

இதுவரை சொன்னதையெல்லாம் ஒரே வரியில் கவிழ்க்கும் எதிர்ப்பு ஒன்று உண்டு. பிராசசரிலேயே யூஎஸ்பி இருக்கிறது. அதுவே ஒலியைக் கணினிக்கு அனுப்பும். பிறகு இன்டர்ஃபேஸ் எதற்கு? என் வாதத்தை நான் நேர்மையாகப் பின்பற்றினால் இதற்கு உடன்பட வேண்டும். பிராசசர் ஒரு முறை டிஜிட்டலாக்கி, மீண்டும் அனலாக்காக்கி, இன்டர்ஃபேஸ் மறுபடி டிஜிட்டலாக்குவது வேண்டாத சுற்றுதான். கிட்டாரை மட்டும் பதிகிறவர், தன் பிராசசரின் யூஎஸ்பி ஆடியோவைச் சுமக்கும் வகையா, பேட்ச் மாற்ற மட்டும் உதவும் வகையா என்று கையேட்டில் பார்த்துவிட்டு, சுமக்கும் என்றால் அதையே பயன்படுத்துவது நல்லது. ஆனால் எங்கள் பக்கத்து வேலை பெரும்பாலும் கிட்டாரோடு நிற்பதில்லை. பாடகருக்கு மைக் வேண்டும், தபேலாவுக்கு மைக் வேண்டும், கேட்க ஸ்பீக்கர் வேண்டும். விண்டோஸில் ஆசியோ (ASIO) டிரைவர் வழியில் ரிக்கார்டிங் மென்பொருள் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவியோடுதான் பேசும். இரண்டு கருவிகளைத் தந்திரமாகச் சேர்த்தாலும், ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தில் நொடிக்கு 44,100 அல்லது 48,000 என்று தனித்தனியே எண்ணிக்கொண்டிருக்கும். இரண்டு எண்ணிக்கையும் மெல்ல விலகி, பாட்டின் கடைசியில் கிட்டாரும் குரலும் பிரிந்து நிற்கும் அல்லது இடையிடையே சொடுக்குச் சத்தம் விழும். கடிகாரமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். பலர் சேர்ந்த பதிவில் அந்த ஒற்றைக் கடிகாரத்தை இன்டர்ஃபேஸ் தருகிறது. அதற்கு விலையாக ஓர் அனலாக் சுற்றை ஏற்கிறோம். இன்றைய மாற்றிகளின் தரத்தில் அந்தச் சுற்றைக் காதால் கண்டுபிடிப்பது கடினம். கடிகாரம் விலகுவதோ யார் காதுக்கும் தெரியும்.

பதியும்போது கேட்பதும் ஒரு வேலைதான். அதுவும் ஓர் இடத்தில்தான் நடக்க வேண்டும். 48,000 மாதிரி வேகத்தில் 256 மாதிரி பஃபர் வைத்தால் போக 5.3 மில்லிசெகண்ட், வர அதே அளவு. மாற்றிகளின் நேரமும் சேர்ந்து 10 மில்லிசெகண்டைத் தாண்டும். ஒலி காற்றில் ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர்தான் நகரும் என்பதால், 10 மில்லிசெகண்ட் என்பது ஆம்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். மேடையில் அப்படி வாசிப்பவர்கள்தானே என்று கேட்டால், ஆம், அது மட்டும் இருந்தால் கை பழகிக்கொள்ளும். தொல்லை, இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரும் மென்பொருளின் மானிட்டரும் ஒன்றாகத் திறந்திருக்கும்போது வருகிறது. ஒரே கிட்டார் 10 மில்லிசெகண்ட் இடைவெளியில் இருமுறை காதுக்கு வந்தால், 100 ஹெர்ட்ஸுக்கு ஒன்று வீதம் அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விழும். டோன் குழாய்க்குள் இருந்து வருவது மாதிரி ஆகும். வாசிப்பவர் பிராசசரில் பேட்ச்சை மாற்றி மாற்றிப் பார்ப்பார். பதிவிலோ ஒரு குறையும் இருக்காது. பிராசசர் வைத்திருப்பவருக்கு இங்கே ஒரு பெரும் வசதி இருக்கிறது. எஃபெக்ட் அனைத்தும் கணினிக்கு வெளியிலேயே முடிந்துவிடுவதால், டைரக்ட் மானிட்டரில் முடிந்த டோனையே தாமதமின்றிக் கேட்கலாம். மென்பொருளில் அந்த ட்ராக்கின் மானிட்டரை அணைத்துவிட்டால் பஃபரை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்தலாம். பழைய லேப்டாப்பும் திக்காமல் ஓடும்.

இவ்வளவும் சரி, எங்கள் ஊரில் பிரச்சினையே கரண்ட்தான் என்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் வீடு, தறி, தோட்டத்து மோட்டார் எல்லாம் தொங்கும் பகுதிகளில் வோல்டேஜ் நாள் முழுக்க ஏறி இறங்கும். 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் சென்னைக்கு வெளியே வீடுதோறும் இன்வெர்ட்டர் புகுந்தது. அவற்றில் மலிவானவை தருவது சதுர அலை. சதுர அலையில் 50 ஹெர்ட்ஸோடு 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகள் அனைத்தும் ஏறிவரும். சிங்கிள் காயில் பிக்கப் அதை அப்படியே பிடிக்கும். ஃபேன் ரெகுலேட்டரும் பழைய ட்யூப்லைட் சோக்கும் தம் பங்குக்குச் சேர்க்கும். ஆனால் ஹம் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் கிடையாது. அது எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய இரண்டு குமிழ்கள் போதும். கிட்டாரின் வால்யூமைச் சுழியமாக்கினால் ஹம் போய்விட்டதா? அப்படியானால் அது பிக்கப் பிடித்தது. உட்காரும் திசையை மாற்றுவதும், லேப்டாப்பிலிருந்து தள்ளி உட்காருவதும், இன்வெர்ட்டரில் ஓடும் நேரத்தில் பதியாமல் இருப்பதும்தான் வழி. பிராசசரின் மாஸ்டரைச் சுழியமாக்கியும் ஹம் நிற்கிறதா? அது இணைப்பில் இருக்கிறது. அங்கேதான் நம் பழைய இரட்டிப்பு திரும்ப வருகிறது. பேட்ச் மாற்றுவதற்காகப் பிராசசரை யூஎஸ்பியால் லேப்டாப்பில் இணைத்து வைத்துவிட்டு, அதே நேரம் ஆடியோ கேபிளால் இன்டர்ஃபேஸிலும் இணைத்தால், பிராசசருக்கும் கணினிக்கும் இடையே எர்த் பாதை இரண்டாகிறது. லேப்டாப்பின் உள் இரைச்சல் அந்த வளையத்தில் சுற்றி வந்து கீச்சிடும். பதியும்போது யூஎஸ்பியைக் கழற்றிவிட்டால் கீச்சு நின்றுவிடும்.

எர்த் இரண்டானால் கீச்சு. ஒன்றும் இல்லாவிட்டால் அதைவிட மோசம். வீட்டு மூன்று துளை சாக்கெட்டில் பெரிய துளைக்குப் பின்னால் வயரே இல்லாத வீடுகள் இன்னும் நிறைய. அங்கே லேப்டாப் சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டிக் கன்டென்சர்கள் மிகச் சிறிய மின்கசிவை லேப்டாப்பின் உலோகத்துக்குக் கொண்டுவரும். அது இன்டர்ஃபேஸ், கேபிள், பிராசசர் வழியாகக் கிட்டாரின் கம்பி வரை வந்து விரலில் சுருக்கென்று தைக்கும். கம்பியில் கை வைத்தால் ஹம் குறைகிறது என்று மகிழ்பவர், அந்த எர்த்தின் வேலையைத் தன் உடம்பு செய்துகொண்டிருக்கிறது என்பதை அறிய வேண்டும். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டினால் பதியும் நேரத்துக்கு இது தணியும். ஹம் போக வேண்டும் என்று எர்த் பின்னை வெட்டுவது மட்டும் கூடவே கூடாது. 1972-இல் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸின் ஸ்வான்சியில் மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த் சரியாக இல்லாத மைக்கை அவர் தொட்டிருந்தார். எர்த் வளையத்தை உடைக்க வேண்டுமென்றால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டியை ஆடியோ கேபிளின் நடுவில் போட வேண்டும். ஒலியின் பாதையில் கை வைக்கலாம், பாதுகாப்பின் பாதையில் கை வைக்கக் கூடாது. அடாப்டரிலும் கவனம் தேவை. பல பிராசசர்கள் கேட்பது 9 வோல்ட், அதுவும் நடுமுனை மைனஸ். வீட்டில் கிடக்கும் ரூட்டர் அடாப்டரில் பெரும்பாலும் நடுமுனை பிளஸ். துளையில் பொருந்துகிறது என்பதற்காகச் செருகக் கூடாது.

பிராசசரின் டோனைப் பதிந்துவிட்டால் பிறகு மாற்ற முடியாதே, வெறும் கிட்டாரைப் பதிந்து எல்லாவற்றையும் மென்பொருளில் பார்த்துக்கொள்ளலாமே என்பது இளையவர்களின் வாதம். தனியாக உட்கார்ந்து பாட்டை மாதக்கணக்கில் செதுக்குபவருக்கு அது நல்ல வழி. அவருக்குப் பிராசசரே தேவையில்லை, இன்ஸ்ட் இன்புட் போதும். ஆனால் டோனும் வாசிப்பும் தனித்தனிப் பொருள்கள் கிடையாது. டிலே எவ்வளவு நேரம் கழித்துத் திரும்புகிறது என்பதைக் கேட்டுத்தான் விரல் அடுத்த சுரத்தைத் தொடுகிறது; டிஸ்டார்ஷன் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதைக் கேட்டுத்தான் கை இழுப்பை நீட்டுகிறது. எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜா 1976-இல் ‘அன்னக்கிளி’யோடு தொடங்கிய காலத்தில், சென்னை ஸ்டுடியோக்களில் வாத்தியக் குழுவும் பாடகர்களும் சேர்ந்தே பதிந்தார்கள். அவருடைய குழுவில் கிட்டார் வாசித்த சதானந்தம் போன்றவர்களுக்கு டோனைப் பிறகு பார்த்துக்கொள்ளும் வசதி இல்லை. டேக் தொடங்குமுன் டோன் முடிவாகியிருக்கும். அந்த டோனுக்கு ஏற்றபடி வாசிப்பும் அமைந்திருக்கும். பிராசசர் அந்த ஒழுங்கை வீட்டு அறைக்குத் திரும்பக் கொண்டுவருகிறது. மனம் ஒப்பாதவர் கிட்டாரிலிருந்து பிரித்து ஒரு வெறும் ட்ராக்கையும் இரண்டாவது இன்புட்டில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அது காப்பீடாக இருக்கட்டும், முடிவைத் தள்ளிப்போடும் சாக்காக வேண்டாம்.

கடைசி எதிர்ப்பு, எல்லாவற்றிலும் அலுப்பானது: கேட்பவர் செல்போனில்தானே கேட்கப்போகிறார், இத்தனை நுணுக்கம் எதற்கு? செல்போன் ஸ்பீக்கரின் குணத்தைக் கொஞ்சம் யோசித்தால் வாதம் மறுபக்கம் திரும்பும். அந்தச் சிறிய ஸ்பீக்கரால் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் ஒழுங்காகத் தர முடியாது. கிட்டாரின் உடலும் பேஸும் அங்கே காணாமல் போகும். மிஞ்சுவது நடுப்பகுதியும் அதற்கு மேலும். கேபினெட் போட மறந்த டிஸ்டார்ஷனின் கீறல், கிளிப் ஆன இடத்தின் வெடிப்பு, சதுர அலையின் மேல் மடங்குகள், யூஎஸ்பி கீச்சு எல்லாம் குடியிருப்பது சரியாக அந்தப் பகுதியில்தான். நல்ல ஸ்பீக்கரில் பேஸ் மறைத்துக் காப்பாற்றும் குறைகளைச் செல்போன் தனியே எடுத்துக் காட்டும்.

ஆகவே புதிதாக இணைப்பவர் கருவியின் பெயரைக் கேட்பதற்கு முன் ஆறு கேள்விகளுக்கு விடை வைத்திருக்க வேண்டும். கிட்டாரின் மெல்லிய சிக்னலை ஏற்பது எது? கெயினை ஏற்றுவது எது? கேபினெட் எங்கே? கடிகாரம் யாருடையது? காதுக்கு வரும் ஒலி எந்த வழியாக வருகிறது? எர்த் எத்தனை இடத்தில்? ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பதில் இருந்தால், சில ஆயிரம் ரூபாய்ப் பிராசசரும் சாதாரண இன்டர்ஃபேஸும் வெளியிடத் தகுந்த கிட்டாரைத் தரும். ஒன்றுக்கு இரண்டு பதில் இருந்தாலோ, பதிலே இல்லாவிட்டாலோ, அடுத்து வாங்கும் பெட்டி அந்தக் குழப்பத்தை இன்னும் துல்லியமாகப் பதிந்து தரும். அவ்வளவுதான் அதன் மேன்மை. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் செலவின் வரிசையும் இதிலிருந்தே கிடைக்கிறது. முதலில் ஓர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ரிக்கார்டிங் அறையின் சாக்கெட்டுக்கு உண்மையான எர்த் இழுக்கச் சொல்ல வேண்டும். அடுத்து நல்ல கேபிள் இரண்டு. பிறகு தேவைப்பட்டால் டிஐ பெட்டி ஒன்று. அதற்கும் பிறகு மிச்சம் இருந்தால் புதிய இன்டர்ஃபேஸைப் பற்றி யோசிக்கலாம். பெரும்பாலும் அதற்குள் பழையதே போதும் என்று ஆகியிருக்கும்.